சட்டம் தந்த சுகயீன விடுமுறையைச் சங்கம் விட்டுக்கொடுக்கலாமா?

இரவு முழுவதும் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண் தொழிலாளி, விடிந்ததும் படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "ஏன்மா, மருந்து எடுத்துட்டுப் படுத்திருக்கலாம்தானே?" என்று கேட்டால், "படுத்தா பேர் யாரு போடுவா?" என்ற பதில்தான் வரும். டிஸ்பென்சரிக்குப் போனால் மருந்து கிடைக்கும், துண்டும் கிடைக்கும். அந்தத் துண்டு நாட்சம்பளத்தைக் கொண்டுவராது.

கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் எமது பிள்ளைகளின் கதையும் இதுவே. மேசனுக்குக் கையாளாக, கம்பி கட்டுபவராக, கொங்கிரீட் சுமப்பவராக அவர்கள் சைட்டுக்குச் சைட் மாறுகிறார்கள். டெங்கு வந்து ஒரு வாரம் படுத்தால், அந்த வாரத்துக்குச் சம்பளம் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் காசும் இல்லை. திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார்.

எம்மில் சிலர் அரசாங்கப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்கள். எமக்குக் காய்ச்சல் என்றால் ஒரு விடுமுறைக் கடிதம் போதும். மாத முடிவில் சம்பளம் குறைவதில்லை. எமது வகுப்பில் இருக்கும் பிள்ளையின் தாய்க்கு அந்த வசதி இல்லை. அவர் காய்ச்சலோடு மலைக்குப் போவார், அல்லது வீட்டில் படுத்துக்கொண்டு அந்த வாரக் கடைக்கணக்கை நினைத்துக் கவலைப்படுவார். ஒரே தோட்டத்தில் வாழும் இரண்டு உழைப்பாளர்களுக்கு இடையில் இந்த வேறுபாட்டை உண்டாக்கியது எது? சட்டம்தான்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவருக்குச் சுகயீனத்துக்கும் சொந்தத் தேவைக்குமாக வருடத்துக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் நாம். அதில் வருடாந்த விடுமுறைக்கு ஏற்பாடு உண்டு. சுகயீன விடுமுறைக்கு அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அது உதவாது.

எனவே சட்டபூர்வமான சுகயீன விடுமுறை வேண்டும் என்று கேட்பது எமது கடமை. கேட்கும் முன் இன்னொரு விடயத்தையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது. சட்டம் கிடைத்த பிறகு, "சம்பளத்தை இவ்வளவு கூட்டித் தருகிறோம், அந்த விடுமுறையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுங்கள்" என்று முதலாளிகள் சொன்னால், சங்கம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் ஏற்கெனவே முகம் கொடுத்திருக்கின்றன. அவர்கள் கொடுத்த பதிலையும் அதன் விளைவையும் எமது அங்கத்தவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்கா பணக்கார நாடு. ஆனால் தனியார் துறைத் தொழிலாளர் எல்லோருக்கும் சம்பளத்தோடு சுகயீன விடுமுறை தரும் நாடு தழுவிய சட்டம் அங்கே கிடையாது. 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுமுறைச் சட்டம் 12 வாரம் வரை விடுமுறை தருகிறது, ஆனால் சம்பளம் தருவதில்லை. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் பொருந்தாது. ஆகவே நகரம் நகரமாக, மாநிலம் மாநிலமாகப் போராடித்தான் அங்குள்ள தொழிலாளர் இந்த உரிமையைப் பெற்று வருகிறார்கள். 2006இல் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் வாக்களித்து முதல் நகரச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2011இல் கனெக்டிகட் முதல் மாநிலமாகச் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவின் சட்டம் 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 30 மணித்தியாலம் வேலை செய்தால் 1 மணித்தியால விடுமுறை சேரும் என்பது அதன் கணக்கு. தொடக்கத்தில் வருடத்துக்கு 3 நாளாக இருந்தது, 2024 முதல் 5 நாளாகியது.

இந்தச் சட்டங்களுக்காகப் பல தொழிற்சங்கங்கள் முன்னின்று உழைத்தன. ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு விதிவிலக்கு கண்ணில் படுகிறது. கலிபோர்னியாவில் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்யும் நிர்மாணத்துறைத் தொழிலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், வேலை நிலைமை, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மணித்தியாலச் சம்பளம் மாநிலத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட 30 வீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். அத்தோடு அந்த ஒப்பந்தம் 2015 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது சட்டத்தின் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஒப்பந்தத்தில் ஒரு நாள் சுகயீன விடுமுறைகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மற்றத் துறைகளின் ஒப்பந்தங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவை விலக்குப் பெற வேண்டுமானால் சம்பளத்தோடு சுகயீன விடுமுறைக்கு ஒப்பந்தத்திலேயே இடம் வைத்திருக்க வேண்டும்.

நியூயோர்க் நகரிலும் இதே போக்குத்தான். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்நகரச் சட்டத்தை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள விரும்பும் சங்கம், பொதுவாக அதற்கு ஈடான வேறு நன்மையைக் காட்ட வேண்டும். நிர்மாணத்துறைக்கும் பலசரக்குக் கடைத் துறைக்கும் அந்த ஈடு தேவையில்லை. விட்டுக்கொடுப்பதாக எழுதினால் போதும். 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த நியூ ஜேர்சிச் சட்டமோ, கூட்டு ஒப்பந்தத்தின் கீழுள்ள நிர்மாணத் தொழிலாளரை முழுமையாகவே வெளியே விட்டது.

விளைவு என்ன? சங்கத்தில் இல்லாத கட்டடத் தொழிலாளிக்குச் சட்டத்தின் விடுமுறை உண்டு. சந்தா கட்டும் அங்கத்தவருக்கு அது இல்லாமல் போகலாம். அமெரிக்க நிர்மாணத்துறையில் சங்கத்தில் இருப்பவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். மீதி ஒன்பது பேரைச் சேர்க்கப் போகும் அமைப்பாளரிடம், "உங்கள் சங்கத்தில் சேர்ந்தால் என் சுகயீன விடுமுறை போய்விடுமா?" என்று ஒருவர் கேட்டால், அவர் கொஞ்சம் தடுமாறித்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை வைத்து அந்தச் சங்கங்களை நாம் உடனே குறை சொல்லிவிடக் கூடாது. அவர்களுடைய வாதத்தில் நியாயமும் இருக்கிறது. கட்டடத் தொழிலாளி ஒரே முதலாளியிடம் நிற்பவர் அல்ல. சங்கத்தின் வேலைப் பதிவு மண்டபத்திலிருந்து அவர் ஒரு ஒப்பந்தகாரரிடம் அனுப்பப்படுகிறார். அத்திவாரம் முடிந்ததும் வேறொருவரிடம் போகிறார். கலிபோர்னியாச் சட்டப்படி சேர்ந்த விடுமுறையைப் பயன்படுத்தத் தொடங்கக்கூடியது வேலைக்குச் சேர்ந்த 90ஆம் நாளிலிருந்து. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை முதலாளி மாறும் ஒருவருக்கு அந்த 90ஆம் நாள் வருவதேயில்லை. சட்டத்தில் விடுமுறை இருக்கும், கையில் இருக்காது.

அதனால்தான் அவர்கள் வேறு வழியில் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மணித்தியால வேலைக்கும் ஒப்பந்தகாரர் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மொத்தத் தொகை ஒன்றைப் பேசி முடிக்கிறார்கள். அதில் ஒரு பகுதி கைக்குச் சம்பளமாக வரும். மற்றப் பகுதிகள் வைத்திய நிதிக்கும் ஓய்வூதிய நிதிக்கும் போகும். சங்கமும் முதலாளிகளும் சம அளவில் பிரதிநிதிகளை வைத்து நிர்வகிக்கும் இந்த நிதிகளுக்கு 1947ஆம் ஆண்டின் டாஃப்ட் ஹார்ட்லி சட்டம் விதிமுறை வகுத்தது. முதலாளி மாறினாலும் நிதி மாறுவதில்லை. "எங்கள் மொத்தத் தொகையில் சுகயீனத்துக்கான பங்கும் சேர்ந்திருக்கிறது, சட்டம் வந்து அதற்கு மேலே கணக்குப் போட வேண்டாம்" என்பதுதான் அவர்களின் வாதம்.

இந்த வாதம் எங்கே இடறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சம்பளத்தில் சேர்ந்துவிட்ட காசு, சுகயீன நாளில் தனியாகத் தெரிவதில்லை. வாடகைக்கும் அரிசிக்கும் அது முன்னமே போயிருக்கும். காய்ச்சல் வந்த காலையில் தொழிலாளியின் முன் நிற்கும் கணக்கு பழைய கணக்குத்தான்: போனால் காசு, போகாவிட்டால் இல்லை. காய்ச்சலோடு சாரத்தில் ஏறுபவர் தன் உயிரோடு கீழே நிற்பவரின் உயிரையும் பணயம் வைக்கிறார். அத்தோடு, சட்டத்தின் விடுமுறை என்றால், அதை எடுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் கூடவே வரும். விடுமுறையைச் சம்பளமாக மாற்றும்போது நாளின் காசு வரலாம், அந்தப் பாதுகாப்பு வராது.

இந்த இரண்டு நியாயங்களுக்கும் இடையே வழி இல்லாமல் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2016இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சுகயீன விடுமுறை 2018 தொடக்கம் நடைமுறையில் இருக்கிறது. அங்கேயும் 2019இல் கட்டடச் சங்கங்களுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு ஈடான சுகயீன விடுமுறை இருந்தால்தான் அந்த விலக்குச் செல்லும். பின்னர் இன்னொரு திருத்தமும் வந்தது. 90 நாளுக்கு முன் வேலையிலிருந்து விலகும் கட்டடத் தொழிலாளிக்கு, அதுவரை சேர்ந்து எடுக்கப்படாத விடுமுறையைக் காசாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் அங்கே சட்டம்.

கொவிட் காலத்தில் அமெரிக்க மத்திய அரசே இன்னொரு வழியைக் காட்டியது. 2020இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த அவசரச் சட்டம், 500 பேருக்குக் குறைவான தொழிலாளர் உள்ள முதலாளிகள் இரண்டு வாரம் வரை சம்பளத்தோடு சுகயீன விடுமுறை தர வேண்டும் என்றது. பல முதலாளிகள் சேர்ந்த கூட்டு ஒப்பந்தத்தில் உள்ளவர்கள், அந்தப் பொறுப்பை ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்தி நிறைவேற்றலாம் என்றும் அனுமதித்தது. அதாவது முதலாளி மாறும் தொழிலாளிக்குச் சுகயீன விடுமுறை தருவது நடக்காத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இப்போது எமது தோட்டத்துக்குத் திரும்புவோம்.

எமது சம்பளப் பேச்சுவார்த்தைகளிலும் சுகயீன நாள் பேரப் பொருளாக வந்து போயிருக்கிறது. அதன் பெயர் மட்டும் வேறு. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் 620 ரூபா என்று சொல்லப்பட்ட நாட்சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாதான். 140 ரூபா வருகைக் கொடுப்பனவு, 30 ரூபா விலைப் பங்குக் கொடுப்பனவு. வேலை வழங்கிய நாட்களில் 75 வீதம் வந்தவருக்குத்தான் அந்த 140 ரூபா. 2016இல் வருகைக் கொடுப்பனவு 60 ரூபாவாகக் குறைந்தது. 2019இல் அடிப்படை 700 ரூபாவானபோது அது இல்லாமலே போனது. வருகைக்கு விலை வைக்கும்போது, வரமுடியாமற் போகும் நாளுக்கும் விலை வைக்கப்படுகிறது. அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவை தொழிற்சங்கங்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. மற்றவர் சங்கத்தைப் பற்றி எழுதும் பேனா எமது பக்கத்தையும் எழுத வேண்டும்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்துவதோடு, அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 1750 என்ற தொகையை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதன் ஒரு பகுதி மறுபடியும் 'வருகை' என்ற பெயரில் வந்திருப்பதைக் கவனிக்காமல் விட முடியாது. பிள்ளை பெற்ற தாயும், குளவிக் கொட்டுக்கு ஆளானவரும், டெங்குக் காய்ச்சலில் கிடப்பவரும் வேலைக்கு வராதவர்கள் என்ற ஒரே பட்டியலில் சேர்க்கப்படக் கூடாது.

எமது நாட்டுச் சட்டத்தில் நல்ல வழக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சம்பளச் சபை தீர்மானித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறைவாக எந்த ஒப்பந்தமும் செல்லாது. தொழிலாளியே சம்மதித்துக் கையெழுத்து வைத்தாலும் செல்லாது. வயிற்றுப் பசியில் இருப்பவரின் சம்மதத்தைச் சம்மதமாக எடுக்க முடியாது என்ற அறிவு அதில் இருக்கிறது. சுகயீன விடுமுறையும் அந்த வரிசையில் வைக்கப்பட வேண்டியது. சங்கம் பேரம் பேச வேண்டியது அந்த அடிமட்டத்துக்கு மேலே எவ்வளவு என்பதைப் பற்றி.

ஆகவே எமது நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது: கடை, அலுவலக ஊழியருக்கு இருப்பதுபோல, சம்பளச் சபைகளின் கீழ் வரும் தோட்டத் தொழிலாளருக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் சம்பளத்தோடு சுகயீன விடுமுறை சட்டமாக்கப்பட வேண்டும். கொழும்பில் கம்பி கட்டும் மகனையும் மலையில் கொழுந்து பறிக்கும் தாயையும் ஒரே கோரிக்கையில் சேர்க்கிறோம்.

இரண்டாவது: அந்த உரிமையைக் கூட்டு ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத்தின் மூலம் வேறு ஏற்பாடு செய்வதாக இருந்தால், அது சட்டம் தருவதற்கு ஈடாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்.

மூன்றாவது: வருகையின் பெயரால் எந்தக் கொடுப்பனவு வந்தாலும், தோட்ட வைத்திய உதவியாளரோ அரசாங்க வைத்தியரோ துண்டு கொடுத்த நாளை வராத நாளாக எண்ணக் கூடாது. இது வாய்ப்பேச்சில் இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது: சைட்டுக்குச் சைட் மாறுபவர்களுக்கு ஒரு பொது நிதி வேண்டும். இது எமக்குப் புதிய யோசனை அல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துகிறார்கள். தொழில்தருநர் மாறினாலும் சேர்ந்த பணம் தொழிலாளியின் பெயரிலேயே இருக்கிறது. முதுமைக்கு இப்படிச் சேமிக்க முடியுமானால், காய்ச்சல் நாளுக்கும் முடியும்.

ஐந்தாவது எமக்கு நாமே சொல்லிக்கொள்வது. கலிபோர்னியாச் சட்டத்தில் ஒரு வரியை நாம் எமது சங்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்: உரிமையை விட்டுக்கொடுப்பதானால் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். எமது பேச்சுவார்த்தைகளில் எதைப் பெற்றோம், எதை விட்டோம் என்ற இரண்டு பட்டியலும் கையெழுத்துக்கு முன் தோட்டக் கமிட்டிகளில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். பெற்றதை மட்டும் மேடையில் சொல்லி, விட்டதைச் செக்ரோலில் கண்டுபிடிக்கும் நிலைக்கு அங்கத்தவரை விடக் கூடாது.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் தலைவிமாரும் இந்த விடயத்தை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கடந்த மூன்று மாதத்தில் சுகயீனத்தால் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, அதனால் எவ்வளவு சம்பளம் குறைந்தது, துண்டு இருந்ததா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளிடமும் தொலைபேசியில் கேட்டு எழுதுங்கள். எழுதுவதற்கு எமது பெரிய வகுப்புப் பிள்ளைகள் உதவுவார்கள். அமைச்சின் முன்னும் கம்பனிகளின் முன்னும் நாம் வைக்கப்போகும் கோரிக்கைக்கு அந்தக் கொப்பிகள்தான் ஆதாரம்.